குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றால் வாடகைதாரர்கள் என்ன செய்ய முடியும்?

கேள்வி: நாங்கள் பல வருடங்களாக வாடகைக்கு இருக்கும் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு மறுமேம்பாடு செய்யப் போகிறார்களாம். பெரிய நகரங்களில் சாதாரண வாடகைதாரர்கள் இதை எதிர்த்து ஜெயித்தது உண்டா? இல்லை, கொடுக்கிற பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவதுதான் நல்லதா?

ஜெயித்திருக்கிறார்கள். உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

நான் வழக்கறிஞரோ நகரத் திட்ட நிபுணரோ கிடையாது. உங்களைப் போலவே இடிப்பு அறிவிப்பு வந்த ஒரு குடியிருப்பில் ஆறு வருடம் வாடகைதாரர் குழுவுக்குக் கணக்கும் கடிதமும் எழுதியவன். எங்களுக்குப் பாதி வெற்றி, பாதி தோல்வி. தோற்ற பாதி ஏன் தோற்றது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் மற்ற நகரங்களில் என்ன நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் என் மனதில் நின்றது நியூயார்க்கின் கூப்பர் ஸ்கொயர். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் இருக்கிறது. அமெரிக்காவில் 1949-ல் வந்த வீட்டுவசதிச் சட்டப்படி, ஒரு பகுதியைச் சேரி என்று அறிவித்து, நகர நிர்வாகம் நிலத்தைக் கையகப்படுத்தி, தரைமட்டமாக்கி, குறைந்த விலைக்குத் தனியார் கட்டுமான நிறுவனத்திடம் கொடுக்க முடிந்தது. அதில் வரும் நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்றது. நியூயார்க்கில் இந்த வேலையை நடத்தியவர் ராபர்ட் மோசஸ். நெடுஞ்சாலைகளும் பாலங்களும் பூங்காக்களும் கட்டியவர், அந்த நகரத்தில் அவரை மீறி ஒரு செங்கல் நகராது என்ற நிலை. 1959-ல் அவருடைய குழு கூப்பர் ஸ்கொயரில் பத்துக்கும் மேற்பட்ட தெருக்கட்டங்களை இடிக்கத் திட்டம் போட்டது. சுமார் 2,400 வாடகைதாரர்களும் 500-க்கு மேற்பட்ட சிறு தொழில்களும் வெளியேற வேண்டும். பதிலுக்கு நடுத்தர வருமானக்காரர்களுக்கான புது வீடுகள் வரும். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் புது வீட்டு வாடகை கட்டுப்படியாகாது.

அங்கிருந்தவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். பிரான்சஸ் கோல்டின் என்ற பெண்மணி அதில் முன்னணியில் இருந்தார். வால்டர் தாபிட் என்ற நகரத் திட்ட வல்லுநர் அவர்களோடு சேர்ந்துகொண்டார். இடிக்காதே என்று கோஷம் போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. கூட்டம் மேல் கூட்டம் போட்டு, யார் யார் இருக்கிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு வாடகை கொடுக்க முடியும் என்று கணக்கெடுத்து, 1961-ல் தங்களுடைய சொந்த மாற்றுத் திட்டத்தை வெளியிட்டார்கள். அதன் அடிப்படை இதுதான்: இப்போது அந்த இடத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் திட்டத்தின் பலன் போய்ச் சேர வேண்டும், அவர்கள் அதற்குப் பலியாகக் கூடாது. வேலையைக் கட்டம் கட்டமாகச் செய்யச் சொன்னார்கள். காலியாக இருக்கும் மனையில் முதலில் கட்டு, அதில் கொஞ்சம் பேரைக் குடிவை, அவர்கள் விட்டு வந்த கட்டடத்தை அப்புறம் தொடு. யாரும் ஊரின் மறுகோடிக்குப் போகத் தேவையில்லை.

இந்த யோசனையின் எளிமையை முதலில் படித்தபோது எனக்கு ஆத்திரமே வந்தது. எங்களிடம் ஆறு வருடமும் தொழில்நுட்பக் காரணங்களால் எல்லோரையும் ஒரே நேரத்தில் காலி செய்தாக வேண்டும் என்றே சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

அந்தப் பகுதி மக்கள் கொடுத்த விலை சின்னதில்லை. நகர நிர்வாகம் அவர்கள் திட்டத்தின் ஒரு வடிவத்தை ஏற்கவே 1970 ஆயிற்று. 1973-ல் அதிபர் நிக்சன் மத்திய வீட்டுவசதி நிதியை நிறுத்திவைத்தார். மறுபடியும் காத்திருப்பு. 1990-களில்தான் இன்றைய ஏற்பாடு உருவானது. நிலம் ஒரு சமூக நில அறக்கட்டளையின், அதாவது அந்தப் பகுதி மக்களுக்காக நிலத்தை வைத்திருக்கும் பொது அமைப்பின், பெயரில் இருக்கிறது. மேலே இருக்கும் கட்டடங்களைக் குடியிருப்போரின் வீட்டுவசதிச் சங்கம் நடத்துகிறது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து 300-க்கும் மேற்பட்ட வீடுகளை அப்படிக் காப்பாற்றினார்கள். ஒரு குடும்பம் 250 டாலர் கொடுத்துத் தன் வீட்டுக்கான பங்கைப் பெற்றது. மன்ஹாட்டனில்! அந்தப் பங்கைச் சந்தை விலைக்கு விற்க முடியாது, அதனால் அடுத்து வரும் குடும்பத்துக்கும் வீடு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கோல்டின் 2020-ல், 95 வயதில் இறந்தார். மோசஸை எதிர்த்தவர்கள் என்றதும் எல்லோரும் நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் பெயரைச் சொல்வார்கள். சொல்லட்டும், அவரும் பெரிய ஆள்தான். ஆனால் ஏழை வாடகைதாரர்களுக்கு கோல்டினின் கதைதான் அதிகம் உதவும் என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிரான கதை சான் பிரான்சிஸ்கோவின் இன்டர்நேஷனல் ஹோட்டல். வயதான பிலிப்பினோ, சீனத் தொழிலாளர்கள் ஒற்றை அறைகளில் வாழ்ந்த இடம். 1968-லிருந்து வெளியேற்ற முயன்றார்கள், அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில் போலீஸ் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் கைகோத்துக் கட்டடத்தைச் சுற்றி நின்றார்கள். அப்படியும் வெளியேற்றிவிட்டார்கள். கட்டடம் இடிபட்டு, மனை பல வருடம் வெறுமனே கிடந்தது. அதே இடத்தில் முதியோருக்கான குறைந்த வாடகை வீடுகள் 2005-ல்தான் திறக்கப்பட்டன. இருபத்தெட்டு வருடம். வெளியேற்றப்பட்ட முதியவர்களில் எத்தனை பேர் அதுவரை உயிரோடு இருந்திருக்க முடியும்?

அவர்களுக்குத் துணிச்சலும் ஒற்றுமையும் ஊர் ஆதரவும் இருந்தன. நிலம் மட்டும் வேறொருவர் கையில் இருந்தது. எந்த ஊர்க் கதையை எடுத்தாலும் நான் இப்போது முதலில் தேடுவது அதைத்தான். லண்டனில் காயின் ஸ்ட்ரீட் மக்கள் அலுவலகக் கோபுரங்களுக்கு எதிராகப் பல வருடம் போராடி, கடைசியில் 1984-ல் 13 ஏக்கரைத் தங்கள் அமைப்பின் பெயரிலேயே வாங்கினார்கள். விற்றது அன்றைய பெருநகர மன்றம். 1986-ல் அந்த மன்றமே கலைக்கப்பட்டது. இரண்டு வருடம் தாமதித்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். இன்னொரு பக்கம் பெர்லினைப் பாருங்கள். 2021 செப்டம்பரில் 3,000-க்கு மேல் வீடு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களிடமிருந்து வீடுகளைப் பொதுவுடைமை ஆக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மை ஆமாம் என்றது. ஆனால் அந்த வாக்கெடுப்பு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பதால், ஓட்டில் ஜெயித்தும் வீடு கைமாறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களை ஏன் கிளப்பப் பார்க்கிறார்கள் என்பது முதலில் புரிய வேண்டும். நீங்கள் இப்போது கொடுக்கும் வாடகைக்கும், அதே மனையில் உயரமாகக் கட்டினால் கிடைக்கக்கூடிய வருமானத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி உண்டாகிவிட்டது. நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் 1979-ல் இதற்கு வாடகை இடைவெளி என்று பெயர் வைத்தார். பழுது பார்க்காமலே விட்ட கட்டடத்தில் இந்த இடைவெளி இன்னும் வேகமாக வளரும். கூரை ஒழுகுகிறது என்று நீங்கள் வருடக்கணக்கில் கொடுத்த மனுக்களை யாரும் கண்டுகொள்ளாமல் இருந்து, இன்று அதே ஒழுகலைக் காட்டி இடிக்க வேண்டும் என்கிறார்களா? அந்த மனுக்களின் நகல்களைத் தேடி எடுங்கள். எங்களுக்கு அவை மிகவும் உதவின.

அடுத்தது கணக்கெடுப்பு. நாங்கள் தோற்றது இங்கேதான். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினேன், ஆனால் ரசீது வைத்திருந்தவர்களின் பெயரை மட்டும் எழுதினேன். உள்வாடகைக்கு இருந்தவர்களை, ஒரே வீட்டில் சமையலைப் பிரித்துக்கொண்ட இரண்டாவது குடும்பத்தை, மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டிருந்த அம்மாவை எழுதவில்லை. பேச்சுவார்த்தையில் எங்கள் பட்டியலையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். பட்டியலில் இருந்தவர்களுக்கு வீடு வந்தது. இல்லாத பதினான்கு குடும்பங்களுக்கு ஒன்றும் வரவில்லை. நீங்கள் கதவுகளை எண்ணாதீர்கள், அடுப்புகளை எண்ணுங்கள். பிழைப்பு நடத்துகிறவர்களைத் தனியாக எழுதுங்கள்.

திரும்பி வரும் உரிமை எழுத்தில் வேண்டும். வாய்ச்சொல்லும் பத்திரிகை அறிவிப்பும் போதாது. யாருக்கு, எத்தனை சதுர அடி, எந்தத் தேதிக்குள், தாமதமானால் மாதம் எவ்வளவு தருவார்கள், புது வாடகையும் பராமரிப்புக் கட்டணமும் எவ்வளவு, அவை எந்த விகிதத்தில் ஏறும், எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தை மறந்துவிடாதீர்கள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், காவலாளி என்று மாதாமாதம் வரும் செலவு தாங்காமல் வீடு கிடைத்தவர்களே அதை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கட்டுப்படியாகும் விலை என்ற சொல்லையும் அப்படியே ஏற்காதீர்கள். இங்கிலாந்தில் 2011-க்குப் பிறகு சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை கேட்டாலும் அது அரசுக் கணக்கில் கட்டுப்படியாகும் வாடகைதான். சந்தையே எட்டாத உயரத்தில் இருந்தால் அதில் 80 சதவீதத்தை ஏழை என்ன செய்வார்? உங்கள் குடியிருப்பின் சராசரி வருமானம் எவ்வளவு, அதில் எத்தனை பங்கு வாடகைக்குப் போகலாம் என்று நீங்களே எண்ணைச் சொல்லுங்கள்.

புது வீடுகள் கட்டினால்தானே பற்றாக்குறை தீரும், ஏன் தடுக்கிறீர்கள் என்று உங்களைக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வளரும் நகரத்தில் வீடுகள் பெருக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய கட்டடம் அப்படியே நிற்க வேண்டும் என்றும் நான் ஆசைப்படவில்லை, நாங்கள் இருந்த கட்டடத்தின் சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு உதிர்ந்தது. கட்டட்டும். யாரை முதலில் குடிவைப்பது என்பதில்தான் சண்டை. நூறு குடும்பம் இருந்த இடத்தில் முந்நூறு வீடு வருகிறதென்றால் முதல் நூறு அந்தக் குடும்பங்களுக்குப் போகட்டும்.

பணம் வாங்கிக்கொண்டு போவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேறு ஊரில் பிள்ளைகள் இருப்பவர், எப்படியும் கிளம்ப நினைத்தவர் வாங்கிக்கொள்ளட்டும், அவரைத் துரோகி என்று யாரும் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னதால் எங்கள் குழு ஒருமுறை உடையப் பார்த்தது. ஆனால் வேலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இந்தப் பக்கத்திலேயே இருப்பவர்கள் அந்தத் தொகை இதே சுற்றுவட்டாரத்தில் எத்தனை மாத வாடகைக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நாங்கள் போட்டுப் பார்த்தபோது பதினெட்டு மாதம் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எங்கள் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை.

நான் எழுதிய பதிவேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் விட்டுப்போன பத்திகளையும் சேர்த்து, உள்வாடகை, இரண்டாவது குடும்பம், வீட்டிலேயே செய்யும் தொழில் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு ஒரு புதுப் படிவம் தயாரித்து வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு முதல் மாடியிலிருந்து ஆரம்பியுங்கள்.