அந்த வாயு பேரப்பிள்ளைக்கு வராது

'சின்ன வயதில் போபாலில் சுவாசித்த விஷவாயு மகள் வயிற்றுப் பிள்ளைக்கும் வருமா' என்று கேட்டிருக்கிறீர்கள். வராது அம்மா. போபாலில் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆறு வயதுப் பிள்ளையாக, 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் நீங்கள் சுவாசித்தது யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த மீத்தைல் ஐசோசயனேட். ஈரம் பட்டால் உருமாறிப் போகும் வாயு அது. கண்ணையும் மூச்சுக்குழலையும் அன்றைக்கே சுட்டுவிட்டது. இத்தனை வருடம் ரத்தத்தில் தங்கி, மகள் வயிற்றுப் பிள்ளைக்குப் போகாது. அவளுக்கு வழக்கமான ஸ்கேன் போதும். யூடியூப் பார்த்து வாங்கிய ரத்தசுத்தி லேகியத்தைக் குப்பையில் போடுங்கள். கர்ப்பிணிக்கு அதைக் கொடுக்கவே கூடாது. நீங்கள் சொல்லும் முடி கொட்டலுக்கும் போபாலுக்கும் சம்பந்தமில்லை.

எனக்குக் கவலை வேறு. 'ஆறு மாதமாகத் துணி காயப்போட மாடி ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறேன்' என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அன்று வெந்த நுரையீரலில் தழும்பு இருக்கலாம். டிபியாகவோ இதயக் கோளாறாகவோ ரத்தசோகையாகவோகூட இருக்கலாம். போபாலை மறைத்துவிட்டு டாக்டர் முன் உட்கார்ந்தால் அவர் ஆஸ்துமா என்று எழுதிவிடக்கூடும். சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கும் அந்தச் சின்ன மாத்திரை ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் விழுங்கியதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, அதனால் அட்டையோடு எடுத்துப் போங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ ஜிப்மரோ, இந்த வாரமே போய் எக்ஸ்ரே, ஈசிஜி, ஊதிப் பார்க்கும் சோதனை மூன்றையும் முடியுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ உடனே 108.

சிப்காட் ரசாயன ஆலைகளின் வாடை அடிக்கும் ராத்திரிகளில் நெஞ்சு படபடத்து எழுந்து உட்காருவது பெரும்பாலும் பயம். பயமென்றால் பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கும், ஆனால் இதயக் கோளாறிலும் ராத்திரியில் இப்படி எழுந்து உட்கார வைக்கலாம் என்பதால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். படியேறினால் வருகிற மூச்சை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தூக்கம் கெடுகிறதென்றால் மனநல மருத்துவரையும் பாருங்கள், அதற்கும் சிகிச்சை உண்டு. தலைமாட்டில் ஈரத்துண்டு வைப்பதை மகன் கேலி செய்கிறானாம். செய்யட்டும். அந்த ராத்திரி ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆளிருந்தால் போபாலில் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

கல்யாணம் நின்றுவிடும் என்று உங்கள் அப்பா மறைத்த போபால் விஷயத்தைக் கணவரிடம் இப்போது சொல்வதா வேண்டாமா? அது உங்கள் இஷ்டம், நான் அதில் தலையிட மாட்டேன். டாக்டரிடம் சொன்னது வீட்டுக்கு வராது. கணவர் கூட வந்தால், 'தனியாகப் பேசணும் டாக்டர்' என்று கேளுங்கள். அவரை வெளியே உட்காரச் சொல்வது டாக்டர் பாடு.