பலவீனமான வாதங்கள் சேர்ந்தால் வலுப்பெறுமா?

கிறிஸ்தவத்துக்கான எந்த வாதமும் தனித்து நிற்காதபோது, அவற்றைச் சேர்த்தால் மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டை வாளி ஒன்றில் நிற்காத தண்ணீர் பத்து ஓட்டை வாளிகளிலும் நிற்காது என்பது பிரிட்டிஷ் தத்துவவாதி ஆன்டனி ஃப்ளூ எழுப்பிய ஆட்சேபம்தான். ஆனால் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கும்போது ஓட்டைகள் நேர்கோட்டில் அமையாவிட்டால் ஒழுக்கு குறையும் என்பதை அது கணக்கில் கொள்வதில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, சான்றுகள் ஒன்றையொன்று சாராதவையா என்பதே. இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மத்தேயு நற்செய்தி, மாற்கு நற்செய்தியின் பெரும்பகுதியை, பல இடங்களில் சொல்லுக்குச் சொல், ஒட்டியே செல்வதால், இரண்டையும் இரு தனிச் சாட்சிகளாக எண்ணுவது இரட்டைக் கணக்கு. ஏறத்தாழ கி.பி. 55-இல் ஆதித் திருச்சபைத் தலைவர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் அவற்றுக்கு முந்தையது. உயிர்த்தெழுந்த இயேசுவைத் தானும் கண்டதாக அவரே சொல்வதால் அதற்குத் தனி எடை உண்டு. ஏறத்தாழ கி.பி. 116-இல் எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் கீழ் இயேசுவுக்கு நிறைவேறிய மரண தண்டனையை உறுதிப்படுத்துகிறாரே தவிர, உயிர்த்தெழுதலை அல்ல.

கடவுள் இருக்கிறார், அவர் தலையிடுகிறார், இயேசுவை உயிர்த்தெழச் செய்தார் என்று சங்கிலியாகச் செல்லும் வாதத்திலோ ஒவ்வொரு கண்ணியிலும் நிகழ்தகவு குறையும். இதைச் சுட்டிக்காட்டிய தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா ஒரு கிறிஸ்தவர் என்பது கவனிக்கத்தக்கது. குழந்தைகளின் துன்பம் போன்ற எதிர்ச்சான்றுகளையும் அதே தராசில் வைத்த பிறகே நீங்கள் கூட்டிப் பார்க்கலாம்.