டிக்கெட் போட்டுத் தருகிறார்களாம், வந்துவிடச் சொல்லவா?

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. சிங்கப்பூரில் கட்டட வேலை. மூன்று வாரத்துக்கு முன் லாரியிலிருந்து இரும்புக் குழாய் இறக்கும்போது வலது கையில் இரண்டு விரல் நசுங்கி, நடுவிரல் நுனியை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் “ரூம் கதவில் மாட்டிக்கொண்டது” என்று சொல்லச் சொன்னாராம் சூப்பர்வைசர். இவரும் அப்படியே சொல்லிவிட்டார். இப்போது லைட் டியூட்டி என்று ஸ்டோரில் உட்கார வைத்து பேசிக் சம்பளம் மட்டும் தருகிறார்கள். “டிக்கெட் போடுகிறோம், ஊரில் வைத்தியம் பார், குணமானதும் கூப்பிடுகிறோம்” என்கிறார்கள். கேஸ் போட்டால் பெர்மிட் போய்விடும் என்று ரூமில் இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். ஏஜென்ட் கடன் பாதிகூட அடையவில்லை. மாமியார் வந்துவிடச் சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகி, ஆலங்குடி

பதில்: இப்போது வரச் சொல்லாதீர்கள். மாமியாரின் தவிப்பு நியாயமானதுதான். ஆனால் விபத்து முறைப்படி பதிவாகாமல் அவர் விமானம் ஏறினால், அந்த விரலுக்கான பணம் அநேகமாகக் கை நழுவிப் போகும்.

ரூமில் எல்லோரும் ‘கேஸ்’ என்கிறார்களே, அந்த வார்த்தைதான் பாதிப் பயத்தைக் கிளப்புகிறது. இது முதலாளி மேல் போடும் வழக்கு இல்லை, இன்ஷூரன்ஸ் கோரிக்கை. உடலுழைப்பு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், கம்பெனி இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்கிறது சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். யார் தப்பு என்பதே கேள்வி இல்லை. உங்கள் கணவர் கவனக்குறைவாகக் கையை வைத்திருந்தாலும் பணம் உண்டு. குடித்துவிட்டு வேலை செய்திருந்தாலோ, சண்டையில் அடிபட்டிருந்தாலோதான் சிக்கல்.

முதலில் அந்தக் கதவுக் கதையைச் சரிசெய்ய வேண்டும். பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்கும்போது பலரும் இப்படித்தான் சொல்லிவிட்டு வருகிறார்கள், அதற்காக அவரைத் திட்டாதீர்கள். அடுத்த முறை தையல் பார்க்கப் போகும்போது, “வேலையிடத்தில் குழாய் இறக்கும்போது நசுங்கியது, முதலில் பயத்தில் மாற்றிச் சொன்னேன்” என்று டாக்டரிடமே சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லட்டும். கூட நின்று குழாய் பிடித்தவர் யார்? அவர் பெயர், போன் நம்பர், நடந்த தேதி, நேரம், எந்த இடம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். விரலைப் போட்டோ எடுக்கட்டும். எம்.சி. (மருத்துவ விடுப்பு) சீட்டு, லைட் டியூட்டி சீட்டு எதையும் கம்பெனியிடம் கொடுக்கும் முன் போனில் படம் பிடித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் பதிவு. 2020 செப்டம்பரிலிருந்து, வேலையில் அடிபட்டு ஒரே ஒரு நாள் எம்.சி. அல்லது லைட் டியூட்டி கொடுக்கப்பட்டாலும் கம்பெனி மனிதவள அமைச்சுக்கு (எம்.ஓ.எம்.) தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் இவரே ஆன்லைனில் கோரிக்கை போடலாம், அல்லது எம்.ஓ.எம். அலுவலகத்துக்கு நேரில் போகலாம். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் தேவையில்லை. லிட்டில் இந்தியாவில் யாராவது வக்கீல் பேரைச் சொல்லி விசிட்டிங் கார்டு நீட்டினால் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பேசிக் சம்பளம் மட்டும் தருவது தவறு. எம்.சி.யோ லைட் டியூட்டியோ, கணக்கு விபத்துக்கு முந்தைய 12 மாத சராசரி வருமானத்தில்தான் போட வேண்டும், ஓவர்டைமையும் சேர்த்து. பேசிக் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓ.டி. சேர்த்தால் மாதம் 1000 வெள்ளி என்று வையுங்கள். அந்த 1000தான் அடிப்படை. வெளிநோயாளியாக 14 நாள் வரை, ஆஸ்பத்திரி விடுப்பில் 60 நாள் வரை அது முழுசாக. அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வருடம் வரை. வைத்தியச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது.

விரலுக்கான தொகை தனி. காயம் ஆறி நிலைத்த பிறகு, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு அப்புறம், எத்தனை சதவீதம் நிரந்தர இழப்பு என்று டாக்டர் சொல்வார். சராசரி வருமானம், வயது, அந்தச் சதவீதம், இந்த மூன்றையும் வைத்துத் தொகை வரும். கணக்குத் தாள் கைக்கு வந்ததும் தப்பாகத் தெரிந்தால் 14 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம்.

பெர்மிட் விஷயத்தில் பொய்யாகத் தைரியம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கம்பெனி அதை ரத்து செய்யக்கூடும். அப்படிச் செய்தால் கோரிக்கை முடியும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. சாப்பாடும் தங்குமிடமும் பழைய முதலாளி பொறுப்பு என்று விதி இருக்கிறது; நடைமுறையில் அதற்கும் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். டி.டபிள்யூ.சி.2, ஹெல்த்சர்வ், மைக்ரண்ட் ஒர்க்கர்ஸ் சென்டர் என்று உதவி அமைப்புகள் உண்டு. அடிபட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு டி.டபிள்யூ.சி.2 இலவசச் சாப்பாடும் போடுகிறது. ஆனால் சில மாதம் வீட்டுக்குப் பணம் வராது. கடன்காரரிடம் இப்போதே போய் நிலைமையைச் சொல்லித் தவணை கேளுங்கள். “குணமானதும் கூப்பிடுகிறோம்” என்ற வாக்கை நம்பி வட்டிக் கணக்குப் போடாதீர்கள். வலது கை விரல் நுனி இல்லாதவரை அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டாயமாக விமான நிலையத்துக்கே கூட்டிப் போய்விட்டால்? பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவு அதிகாரியிடம், “வேலையில் அடிபட்டது, இழப்பீடு பாக்கி இருக்கிறது, நான் போக விரும்பவில்லை” என்று சொல்லச் சொல்லுங்கள். இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி இப்போதே சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவர் கிளம்பும் முன் ஏஜென்ட் கொடுத்த ஐ.பி.ஏ. தாள் (பெர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம்) வீட்டில்தான் எங்கேயாவது இருக்கும். பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று எம்.ஓ.எம்.மிடம் கம்பெனி சொன்னது அதில் இருக்கிறது. பீரோவில் தேடி எடுத்து, எல்லாப் பக்கத்தையும் தெளிவாகப் போட்டோ எடுத்து இன்று ராத்திரியே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே, ஒரு வருடமாக அவர் வீட்டுக்கு அனுப்பிய பணத்தின் ரசீதுகளையும்.