அழகர்மலையில் பார்த்தது தமிழ் மறவனா?

கேள்வி: அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கைக்கு ஏறும் வழியில், ஆரஞ்சு நிறத்தில், இறக்கை முழுவதும் கரும்புள்ளிகளுடன் ஒரு வண்ணத்துப்பூச்சியைக் கண்டேன். பூவில் அமர்ந்த பிறகும் இறக்கையை ஓயாமல் அசைத்தது. இதுதான் தமிழ் மறவனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 2019ஆம் ஆண்டு நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, ஆரஞ்சாக எது பறந்தாலும் தமிழ் மறவன் என்று நினைப்பது வழக்கமாகிவிட்டது. மதுரைப் பக்கம் எருக்கஞ்செடியைச் சுற்றிவரும் வெந்தய வரியனும் ஆரஞ்சுதான். நிறத்தை விட்டுவிட்டுப் புள்ளிகளைப் பாருங்கள்.

இறக்கை முழுதும் புள்ளி, அமர்ந்தும் அடங்காத துடிப்பு என்று நீங்கள் சொல்லும் இரண்டும் காமன் லெபர்ட் என்ற இனத்துக்கே பொருந்துகின்றன. குறுகி நீண்ட முன்னிறக்கையும், பின்னிறக்கையின் கரிய ஓரத்தில் வெண்புள்ளிகளும் இருந்து, சோம்பலாகப் பறந்திருந்தால் டானி கோஸ்டராக இருக்கலாம்.

தமிழ் மறவனின் முன்னிறக்கை அப்படிப் புள்ளி நிறைந்ததன்று. நுனியும் வெளியோரமும் கறுத்து, உட்பகுதி பளிச்சென்ற ஆரஞ்சாக இருக்கும். பின்னிறக்கையில் மட்டும் ஒரு வரிசைக் கரும்புள்ளிகள். ஆனால் ஐயத்தைத் தீர்ப்பது அடிப்பக்கம்தான். இறக்கையை மடித்து அமரும்போது, இரு இறக்கைகளின் குறுக்கேயும் வெள்ளி மினுக்குடன் ஒரு வெளிர்பட்டை ஓடும். காமன் லெபர்டின் அடிப்பக்கத்தில் இந்தப் பட்டை கிடையாது. லேசான ஊதாப் பளபளப்பு மட்டும் தெரியும். எனவே மேலிருந்து எடுத்த பத்துப் படங்களைவிடப் பக்கவாட்டில் எடுத்த ஒரு படம் மேல்.

இடமும் சான்று சொல்லும். தமிழ் மறவனின் புழுக்கள் நீரடிமுத்து மரத்தின் இலையைத் தின்று வளர்பவை. தொழுநோய்க்கு எண்ணெய் எடுத்த அதே மரம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைக்கரைகளில் வளர்வது. அந்த மரம் இருக்கும் ஈரக்காடுகளில் இந்த வண்ணத்துப்பூச்சியைத் தேடுவதே பொருத்தம். இப்படிப்பட்ட இனத்தை வலைபோட்டுப் பிடித்துப் பார்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். காட்டில் அதன் வாழ்வே சில வாரங்கள்தான்.

அடுத்த முறை வெயில் ஏறத் தொடங்கும் முற்பகலில் செல்லுங்கள். ஓடையோர ஈரமணலில் உப்புச்சத்தை உறிஞ்ச இறங்கும் வண்ணத்துப்பூச்சிகள் எளிதில் எழுந்து போவதில்லை. உங்கள் நிழல் மேலே விழாதபடி தாழ்ந்து, பக்கவாட்டிலிருந்து படமெடுங்கள். தேதி, நேரம், இடம், அமர்ந்திருந்த செடி ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பில்லாமல் அரிய இனத்தைக் கண்டதாகச் சொன்னால் யாரும் பதிவாக ஏற்கமாட்டார்கள்.