9,000 திர்ஹாமில் துபாய்க் குடித்தனம் ஓடுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். கணவருக்குத் துபாயில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்து மாதம் 9,000 திர்ஹாம். மகள் நான்காம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. "ஒரு குடும்பத்துக்கு அங்கே 4,000 திர்ஹாம் தாராளம், மீதி மிச்சம்தான்" என்கிறார் ஐந்து ரோடு பக்கம் உள்ள கன்சல்டன்ட் ஒருவர். ஜூனில் நாலு பேரும் சேர்ந்து போக ‘ஃபேமிலி பேக்கேஜ்’ 2,80,000 ரூபாயாம். என் ஆரத்தை அடகு வைக்க நினைக்கிறோம். இங்கே வீட்டுக் கடன் தவணையும் ஓடுகிறது. போகலாமா?

பதில்: சகோதரி, ஆரம் பீரோவிலேயே இருக்கட்டும். கணவர் முதலில் தனியாகப் போகட்டும். நீங்களும் பிள்ளைகளும் ஜூனில் போக வேண்டாம்.

அந்த 4,000 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். மனைவி, பிள்ளைகளுக்கு விசா எடுக்க ஒருவருக்குக் குறைந்தது 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 சம்பளமும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. விசா கொடுக்க அரசாங்கம் போட்ட கோடு அது. அதில் குடித்தனம் நடக்கும் என்று எந்த அரசாங்கமும் சொல்லவில்லை. இந்த ஆட்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் ஆசை காட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். குடும்ப விசாவுக்குக் கணவர்தான் ஸ்பான்சர். அவர் அங்கே போய், ரெசிடென்ஸ் விசா அடித்து, எமிரேட்ஸ் ஐடி வாங்கிய பிறகுதான் உங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியும். அப்படியிருக்க நாலு பேருக்கும் சேர்த்து இங்கேயே எதை விற்கிறார்? உங்கள் மூவருக்கும் விசிட் விசாவாகத்தான் இருக்கும். கணவருக்கும் விசிட் விசா கொடுத்து, "போய் மாற்றிக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம்.

வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்று எமிரேட்ஸ் சட்டமும் சொல்கிறது. இதெல்லாம் காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் பட்டப்பகலில் போர்டு மாட்டி லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பணம் போன பிறகு மனு வாங்க மட்டும் நாலு மேஜை இருக்கிறது.

இப்போது வீட்டுக் கணக்கு. சேலத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறோம். துபாயில் வாடகை வருஷத்துக்குப் பேசுவது. அதைப் பெரும்பாலும் நாலு செக்காகப் பிரித்து, பின்தேதி போட்டு, நாலிலும் கையெழுத்திட்டுச் சாவி வாங்கும் அன்றே கொடுத்துவிட வேண்டும்.

கணக்குக்காக வருஷ வாடகை 60,000 என்று வையுங்கள். முதல் செக் 15,000. டெபாசிட் 5 சதவீதம், 3,000. புரோக்கருக்கு 5 சதவீதம், இன்னொரு 3,000. துபாயின் மின்சார, தண்ணீர் வாரியமான தேவாவில் கட்டும் டெபாசிட் 2,000. ஆக 23,000 திர்ஹாம். அடுப்பு, கட்டில், குக்கர் எதுவும் இதில் இல்லை. உங்கள் கணவரின் இரண்டரை மாதச் சம்பளம், முதல் சம்பளம் வருவதற்கு முன்பே.

பிறகு மாதாமாதம். வாடகைப் பங்கு 5,000. வருஷ வாடகையில் 5 சதவீதத்தை வீட்டு வரியாக, மாதம் 250 வீதம் தேவா பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். மீதி 3,750. அதில்தான் இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், ஸ்கூல் பஸ், கரண்ட், மளிகை, போன், பிறகு சேலத்துத் தவணை. மனைவி பிள்ளைகளின் மருத்துவக் காப்பீடும் கணவர் பொறுப்புதான். துபாய்ச் சட்டம் ஊழியருக்கு மட்டுமே கம்பெனியைக் கட்டாயப்படுத்துகிறது. ஏசி குளிர்ச்சிக்குத் தனி பில் வரும் கட்டடங்கள் உண்டு. ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டி வைத்தாலும் அதில் ஒரு நிலைக்கட்டணம் ஓடும். வீடு பார்க்கும்போது "சில்லர் ஃப்ரீயா?", அதாவது குளிர்ச்சிக்குத் தனி பில் இல்லையா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

திர்ஹாமை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்காதீர்கள். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று டாலரோடு கட்டப்பட்டது அது. ரூபாய் சரிந்தால் ஊருக்கு அனுப்பும் பணம் கூடும், அவ்வளவுதான். அங்கே தக்காளி விலை குறையாது.

கம்பெனியே வீடு கொடுத்தால் இந்தக் கணக்கு மாறும். ஆனால் அந்த ‘வீடு’ என்ன என்று பார்க்க வேண்டும். துபாயின் தேரா பகுதியில் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதிய காலத்தில், "அக்காமடேஷன் உண்டு" என்ற ஒரு வரியை நம்பிக் குடும்பத்துக்கு டிக்கெட் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்து பார்த்தால் நாலு ஆண்கள் படுக்கும் அறையில் ஒரு கட்டில். ஆஃபர் லெட்டரில் குடும்பத் தங்குமிடமா, தனி ஆளுக்கா, அல்லது வாடகைப்படியா என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். படி என்றால் அது 9,000-க்குள்ளா, வெளியேவா? "எல்லாம் சேர்த்து" என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே உள்ளேதான். வாடகை செக்கைக் கம்பெனி போட்டுவிட்டுச் சம்பளத்தில் பிடித்தாலும் அது உங்கள் பணமே. வாயால் சொன்னதை ஏற்காதீர்கள், ஹெச்.ஆரிடமிருந்து மெயிலில் வாங்குங்கள்.

ஜூன் ஏன் வேண்டாம்? அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கி, ஜூலை ஆகஸ்டில் கோடை விடுமுறை விடும். நானும் ஒரு ஜூலையில்தான் என் குடும்பத்தைக் கூட்டிப் போனேன். இரண்டு மாதம் பள்ளி இல்லை, வெளியே கால் வைக்க முடியாத வெயில். ஒற்றை அறையில் பாயை விரித்துப் பிள்ளைகள் சுவரில் தாயக்கட்டம் வரைந்தார்கள். வீட்டைக் காலி செய்யும்போது அந்தச் சுவருக்கு டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள்.

தகுதிகாண் காலம் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் போகாது. அதைக் கணவர் முடிக்கட்டும், செக் புத்தகம் வாங்கட்டும். அவர் கையில் 25,000 திர்ஹாம் சேர்ந்து, சம்பளமும் கூடியிருந்தால் ஏப்ரலுக்குப் போங்கள். கூடாவிட்டால் 9,000-ல் நாலு பேரும் வீட்டுக் கடனும் தாங்காது, அவர் மட்டும் சேர்த்து அனுப்பட்டும். பள்ளிக் கட்டணத்தைக் கன்சல்டன்டிடம் கேட்காதீர்கள். தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் துபாய் அரசின் கே.ஹெச்.டி.ஏ. தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் போட்டிருக்கிறார்கள்.

அதுவரை இங்கே திருமணச் சான்றிதழ் வேலையைப் பாருங்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், எமிரேட்ஸ் தூதரகம் என்று மூன்று முத்திரை விழ வேண்டும். சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகவும் இருந்தால் அலையவிடுவார்கள். இனிஷியல் போடும் ஊரில் இருந்துகொண்டு, இனிஷியல் புரியாத படிவத்தை நமக்குக் கொடுக்கிறார்கள். முன்கூட்டியே திருத்திவிடுங்கள்.

லீ பஜாரில் மூட்டை கட்ட வேண்டாம், இட்லி அரிசி முதல் எல்லாம் துபாயின் கராமா பகுதியில் கிடைக்கும். கசகசாவை மட்டும் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் விட்டுவிட்டுப் போங்கள்.

நாளைக்கே அந்த கன்சல்டன்டிடம் உரிம எண்ணை மட்டும் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இல்லை என்றாலோ மழுப்பினாலோ, கணவரின் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தால் அன்றே திருப்பி வாங்கிவிடுங்கள்.