'கணக்கு' என்ற முன்னொட்டு விடுபட்டால் பங்கு போய்விடுமா?

வாசகர் கேள்வி: அம்பாசமுத்திரம் வட்டத்தில் எங்கள் குடும்பத்தைக் 'கணக்கப்பிள்ளை வீடு' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். கொள்ளுத்தாத்தா 1938-இல் நஞ்சை வாங்கிய கிரயப் பத்திரத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'கணக்கு' என்று இருக்கிறது. பட்டாவிலும் எங்கள் ஆதார் அட்டைகளிலும் அது இல்லை. வம்சாவளி எடுத்துத் தரும் ஒருவர், அந்தப் பெயரை அரசிதழில் போட்டுச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் பங்கு கைவிட்டுப் போகும் என்று 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். 'கணக்கு' என்பது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரன்று, அவர் வீட்டார் பார்த்த வேலை. ஊர்க் கணக்கும் மணியமும் (ஊர்த் தலைமை) தகப்பனுக்குப் பின் மகன் என்று வழிவழியாக வந்த பதவிகள். தீர்வைக் கணக்கு எழுதியவரை ஊரார் பதவியால் அழைக்க, அது வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. 1980 நவம்பர் 14 அன்று அவசரச் சட்டத்தால் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஊர் வாயில் மட்டும் பழைய பெயர் நின்றுவிட்டது. நீங்கள் கேட்கும் நிலமோ விலைக்கு வாங்கியது. பதவிப் பெயருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பங்கு பிறப்பால் வருவது. திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட மகளுக்கும் பெயர் மாறிய காரணத்தால் உரிமை போவதில்லை. அரசிதழ் அறிவிப்போ உயிரோடிருப்பவர் தம் பெயரை மாற்றிக்கொள்வதற்கானது. இறந்துபோன கொள்ளுத்தாத்தாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இத்தகைய வம்சாவளித் தாள் ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள்: கெட்டி அட்டை, பொன்னிற எழுத்து, சிங்க முத்திரை போன்ற ஒரு முத்திரை. அதில் ஒரு மூதாதையின் பெயர் தளவாய் என்று இருந்ததால், குடும்பமே படைத்தலைவர் வழி என்று எழுதியிருந்தார் அதைத் தயாரித்த ஆசாமி. தளவாய் என்ற சொல்லுக்குப் படைத்தலைவர் என்ற பொருள் உண்டு, அதைப் பட்டமாகக் கொண்ட குடும்பமும் திருநெல்வேலியில் உண்டு. ஆனால் நம் பக்கத்தில் தளவாய் மாடனுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்கு அப்பெயரை வைத்த வீடுகள் எத்தனை! மறுபுறம், ஒருவரின் பெயர் என்று நாம் நினைக்கும் கட்டபொம்மன், 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டியருக்கு மட்டும் உரியதன்று. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வம்சம் சொல்ல முடியாது.

வம்சம் தகப்பன் வழியாகவே வரும் என்பதற்கு ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில்தான் வம்சாவளி எழுதித் தரும் இவர்களுடைய குட்டு வெளிப்படும். கொண்டையங்கோட்டை மறவரிடையே கிளை என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவது: தகப்பனுக்கு ஒரு கிளை, பிள்ளைகளுக்கு அவர்கள் தாயின் கிளை, அந்தத் தகப்பனின் மகன் வழிப் பேரனுக்கு மருமகளின் கிளை. ஆகவே தாத்தா, மகன், பேரன் என்று நேர்கோடு போட்டு மூவருக்கும் ஒரே கிளையை எழுதிய தாள் எதுவானாலும், அது அந்த வழக்கத்தை அறியாதவர் மேசையில் உட்கார்ந்து எழுதியது. உங்கள் குடும்பத்துக்கு இது பொருந்தாமல் போகலாம்; உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொருந்தலாம், அவரிடமும் அந்த ஆள் போவார்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் வேறிடத்தில் வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால், எடுத்துக்காட்டாகச் சங்கரலிங்கம் மகன் ஆறுமுகம், ஆறுமுகம் மகன் சங்கரலிங்கம் என்று இரண்டே பெயர்கள் மாறி மாறி வரும். 1938-இல் வாங்கியவர் எந்தச் சங்கரலிங்கம் என்பதை 'கணக்கு' என்ற முன்னொட்டு சொல்லாது. பத்திரத்தில் உள்ள தகப்பனார் பெயர், சர்வே எண், செக்குபந்தி (நிலத்தின் நான்கு எல்லைகள்) ஆகியவைதான் சொல்லும். எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, சர்வே எண்ணைக் கிராமத்தின் நில விவரப் பதிவேடான 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டு, தலைமுறை வாரியாக இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் சேர்த்து வையுங்கள். 1979-இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்களைச் சுருக்கியும் தவறாகவும் எழுதியது அரசு ஊழியர். அதைத் திருத்தச் சொல்லி நடையாய் நடக்க வேண்டியது குடியானவர். போதாக்குறைக்கு, குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம்மிடம் அதற்கென ஒரு கட்டத்தை விண்ணப்பப் படிவத்தில் அச்சடித்து வைத்து, அதை நிரப்பத் தெரியாதவரைத் தரகரிடம் தள்ளிவிடுகிறார்கள்.

தலைமுறைக் கணக்கில் ஐயம் இருந்தால், பங்குனி உத்திரத்துக்கு உங்களோடு ஒரே சாஸ்தா கோயிலுக்கு வரும் பங்காளி வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். யாருக்கு யார் மகன் என்று பத்திரத்தைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தாம், என்றாலும் அலுவலகத்துக்குத் தாள்தான் வேண்டும். அந்த நபரிடம் 1938-ஆம் ஆண்டு மூலப் பத்திரத்தை ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.