நம்பருக்கு எதற்கு ரிட்டையர்மென்ட்?

கேள்வி: பெரிய ஆட்டக்காரர் ஒருவர் விடைபெற்றதும் அவர் போட்டிருந்த ஜெர்சி நம்பரையும் இனி யாருக்கும் கிடையாது என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். இது மரியாதையா, வெறும் விளம்பரமா? உங்கள் கட்சி எது?

பதில்: அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. யாருக்குக் கொடுப்பது என்று சொல்லும் உரிமை மட்டும் முன்பு அதைப் போட்டிருந்தவரிடம் இருக்கட்டும்.

அர்ஜென்டினா கதையைக் கேளுங்கள். மரடோனாவின் 10-ஐ இனி யாரும் போடக் கூடாது என்று நினைத்து, 2002 உலகக் கோப்பைக்கு அந்த நம்பரே இல்லாத பட்டியலை அவர்கள் அனுப்பினார்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஏற்கவில்லை. 1 முதல் 23 வரை ஒன்றுவிடாமல் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி, அதனால் கடைசியில் ஏரியல் ஒர்ட்டேகா 10-ஐப் போட்டுக்கொண்டு ஆடினார். அன்றைக்கு ரசிகர்களுக்கு அது கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஃபிஃபா மட்டும் சரி என்று தலையாட்டியிருந்தால் 2022-ல் மெஸ்ஸி எந்த நம்பரோடு கோப்பையைத் தூக்கியிருப்பார்? 2009-ல் தேசிய அணிக்காக மெஸ்ஸி முதன்முதலில் 10-ஐப் போட்டபோது அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? மரடோனாவேதான். அந்த நம்பரை இதைவிட நன்றாக எப்படிக் கௌரவிக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

மரடோனா ஆடிய இத்தாலியின் நபோலி கிளப் வேறு வழியில் போனது. 2000-ல் மரடோனாவின் 10-ஐ மூடிவிட்டார்கள். அந்த ஊரில் அவர் யார் என்று தெரிந்தவர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் அதே கிளப் பிற்பாடு திவாலாகி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியபோது, அங்கே ஆரம்ப அணி 1 முதல் 11 வரைதான் போட வேண்டும் என்று இருந்ததால், 10 மறுபடியும் மைதானத்துக்கு வந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

மான்செஸ்டர் யுனைடெட்டில் 7 என்றால் ஜார்ஜ் பெஸ்ட், பிரையன் ராப்சன், எரிக் கன்டோனா, டேவிட் பெக்கம். பெஸ்ட் போனதும் அதை மூடியிருந்தால் மற்ற மூன்று பேருக்கும் அது கிடைத்திருக்காது. 2003-ல் வந்து சேர்ந்த கிறிஸ்டியானோ ரொனால்டோ தனக்கு 28 போதும் என்றுதான் கேட்டார், இல்லை, நீ 7 போடு என்று கொடுத்தவர் பயிற்சியாளர் ஃபெர்குசன். பையன் மேல் பாரத்தை ஏற்றுகிறாரே என்று அப்போது தோன்றியிருக்கலாம். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: அப்படியானால் சச்சினின் 10-ஐ ஷர்துல் தாக்கூர் போட்டபோது அவ்வளவு பேர் கோபப்பட்டது தப்பா?

பதில்: கோபம் வந்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அதைக் கொட்டிய இடம்தான் தப்பு. 2017-ல் இலங்கையில் தன் முதல் ஒருநாள் போட்டியை ஆட இறங்கிய ஒரு பையன், வாரியம் அனுமதித்த சட்டையைத்தான் போட்டிருந்தார். 10 வேண்டாம் என்று வாரியம் நினைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டுவிட்டு, திட்டு விழுந்த பிறகு அந்த நம்பரை யாருக்கும் தருவதில்லை என்று ஆனது, ஷர்துலும் 54-க்கு மாறிவிட்டார். தோனியின் 7-ம் இனி யாருக்கும் இல்லை என்ற செய்தி 2023 கடைசியில் வந்தது.

கிரிக்கெட்டில் இந்தப் பழக்கமே கொஞ்சம் ஒட்டாமல்தான் நிற்கிறது. டெஸ்டில் முதுகில் பெயரும் நம்பரும் வந்ததே 2019-ல்தான். சச்சின் ஆடிய 200 டெஸ்டிலும் முதுகில் எந்த நம்பரும் இல்லை, அதனால் அவர் எந்த வகையில் குறைந்துவிட்டார்?

கேள்வி: இந்த வழக்கத்தை முதலில் ஆரம்பித்தது யார்?

பதில்: வட அமெரிக்கர்கள். ஐஸ் ஹாக்கியில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஏஸ் பெய்லி, 1933 டிசம்பரில் எதிரணிக்காரர் பின்னாலிருந்து மோதியதில் தலையில் அடிபட்டு உயிருக்குப் போராடினார். பிழைத்தார், ஆனால் திரும்ப ஆட முடியவில்லை. அடுத்த பிப்ரவரியில் அவருக்காக நடத்திய நிதி திரட்டும் போட்டியில் அவருடைய 6-ஐ இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அறிவித்தது. பேஸ்பாலில் 1939-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் லூ கெரிக். நரம்பு நோய் வந்து ஆட்டத்தை விட வேண்டியதாகிவிட்டது, அவருடைய 4-ஐ மூடினார்கள்.

இரண்டு இடத்திலும் பாருங்கள், ஆடிக்கொண்டிருந்த மனிதனிடமிருந்து ஆட்டம் பறிபோயிருக்கிறது. பல வருடம் ஆடி முடித்து, மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போனவருக்காக இது தொடங்கவில்லை.

பெய்லி கதையில் இன்னொன்றும் உண்டு, அதிகம் பேர் பேசுவதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மூடியிருந்த அந்த 6-ஐ, 1968-ல் பெய்லியே முன்வந்து ரான் எல்லிஸ் என்ற இளைஞருக்குக் கொடுக்கச் சொன்னார். அந்தப் பையனின் ஆட்டம் அவருக்குப் பிடித்திருந்தது. அதே போலத்தான் அமெரிக்கக் கால்பந்தில் டென்வர் பிராங்கோஸ் அணியின் ஃபிராங்க் ட்ரிபுக்காவும். அவருடைய 18 மூடப்பட்டுப் பல காலம் ஆகியிருந்தது. 2012-ல் அந்த அணிக்கு வந்த பெய்ட்டன் மேனிங்குக்கு அது வழக்கமான நம்பர், ட்ரிபுக்காவும் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும் என்றார். உரிமை முன்னவரிடம் இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே, அதற்குக் காரணம் இந்த இருவர்தான். ட்ரிபுக்கா என்ற பெயர் அவருடைய நாட்டுக்கு வெளியே இன்று தெரிகிறது என்றால், அது அந்த நம்பரைக் கொடுத்ததால்தான்.

கேள்வி: ஆடும் காலத்திலேயே இறந்தவர்களின் நம்பரையும் அடுத்தவருக்குக் கொடுக்கச் சொல்வீர்களா?

பதில்: இல்லை. 2014-ல் பந்து பட்டு 25 வயதில் இறந்த ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் ஃபிலிப் ஹியூஸின் 64, கால்பந்தில் 2003-ல் மைதானத்திலேயே சரிந்து இறந்த மார்க்-விவியன் ஃபோவின் 23, 2025-ல் கார் விபத்தில் போன டியோகோ ஜோட்டாவின் 20 எல்லாம் மூடப்பட்டவை. இங்கே புள்ளிவிவரத்தைப் பார்த்துத் தகுதி அளப்பது அசிங்கம். கொடுக்கச் சொல்ல ஆளும் இல்லை. குடும்பம் விரும்பும்வரை அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: இப்படியே போனால் நம்பர் தீர்ந்துவிடாதா?

பதில்: யாங்கீஸ் அணியைக் கேளுங்கள். 2017-ல் டெரெக் ஜீட்டரின் 2-ஐ மூடியதோடு 1 முதல் 9 வரை மொத்தமும் காலி. 8-ஐ மட்டும் இரண்டு பேருக்காக மூடியிருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் 1929-ல் அந்த அணி நம்பர் போட ஆரம்பித்ததே பேட்டிங் வரிசைப்படி. மூன்றாவதாக வந்ததால் பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக வந்ததால் கெரிக்குக்கு 4. கூட்டத்தில் இருப்பவருக்கு யார் ஆடுகிறார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அன்றைய நோக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் சிகாகோ பேர்ஸ் 14 நம்பரை மூடிவிட்டு, 2013-க்குப் பிறகு இனி வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது. அந்த ஆட்டத்தில் ஒரு அணியில் 53 பேர், பயிற்சி முகாமில் இன்னும் அதிகம், இருப்பதோ இரண்டு இலக்க நம்பர்கள். உணர்ச்சி எல்லாம் சரி, கணக்கு என்று ஒன்று இருக்கிறதே.

கேள்வி: மூடியதில் நூற்றுக்கு நூறு சரி என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் நம்பர் ஏதாவது உண்டா?

பதில்: 42. ஜாக்கி ராபின்சன். கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை என்றிருந்த அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 1947 ஏப்ரல் 15 அன்று இறங்கி அந்தத் தடையை உடைத்தவர். ஐம்பதாவது ஆண்டான 1997-ல் எல்லா அணிகளிலும் 42-ஐ மூடினார்கள். ஏற்கெனவே போட்டிருந்தவர்களிடமிருந்து பிடுங்கவில்லை, அவர்களில் கடைசி ஆளான மரியானோ ரிவேரா 2013 வரை அதோடுதான் ஆடினார். எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்து வந்த ஏற்பாடு. ஒவ்வொரு ஏப்ரல் 15-லும் எல்லா அணியிலும் எல்லோரும் 42 போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்று வர்ணனையாளர் திணறுவார், திணறட்டும்.

கேள்வி: சரி, ரொம்ப அவசரப்பட்டு மூடியது?

பதில்: இங்கிலாந்துக் கால்பந்து கிளப் பர்மிங்ஹாம் சிட்டி, 2020. ஜூட் பெல்லிங்ஹாம் முதல் அணியில் ஆடியது ஒரே ஒரு சீசன், வயது 17, ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்புக்குப் போகிறார் என்றதும் அவருடைய 22-ஐ மூடிவிட்டார்கள். ஊரே சிரித்தது. பையன் பிறகு உலகத்தர ஆட்டக்காரராக வளர்ந்ததால் கிளப் தப்பித்தது, ஆனால் அன்றைக்கு அது அவர்களுக்குத் தெரியாதே!

கேள்வி: நம்பரை மூடிய பிறகு ஆட்டக்காரரே திரும்பி வந்துவிட்டால்?

பதில்: கூடைப்பந்தில் மைக்கேல் ஜோர்டனுக்கு நடந்தது. 1994-ல் சிகாகோ புல்ஸ் அணி அவருடைய 23-ஐ மூடி, அரங்கத்தில் மேலே ஏற்றித் தொங்கவிட்டது, 1995 மார்ச்சில் மனிதர் திரும்பி வந்து நிற்கிறார். 45 போட்டுக்கொண்டு ஆடினார். ஆர்லாண்டோவுடன் பிளே-ஆஃபில் முதல் ஆட்டம் தோற்றதும் அடுத்ததற்குப் பழைய 23-ஐயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார், லீக் அபராதம் போட்டது. இந்த 23-ஐ 2003-ல் மயாமி ஹீட் அணியும் மூடியது, இத்தனைக்கும் ஜோர்டன் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆட்டத்துக்கு அவர் செய்ததற்கான மரியாதையாம். அந்தக் கணக்குப்படி எல்லா அணியும் 23-ஐ மூடியிருக்க வேண்டும். நல்ல வேளை, மற்றவர்கள் கண்டுகொள்ளவில்லை.